வேலையை விடாதீர்கள், விடுப்பைக் கேளுங்கள்: கடலூர், சிதம்பரம் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்



கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைகளில் நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்ப்பவர்களே, தனியார் பள்ளிகளில் பாடம் நடத்துபவர்களே, நர்சிங் ஹோம்களில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களே, சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்பவர்களே, பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களே, உங்களுக்காகத்தான் இந்த மடல்.

நம் ஊர்களில் ஊறிப்போன ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் வீட்டில் சந்தோஷம். வேலை செய்யும் இடத்தில் மட்டும் வேறு கணக்கு ஓடுகிறது. வயிறு தெரியத் தொடங்கியதும் கூப்பிட்டு, "நின்னுக்கம்மா, உடம்பப் பாத்துக்க. கொழந்தை பொறந்து ஒரு வருஷம் கழிச்சு வா, பாக்கலாம்" என்கிறார்கள். கேட்க அக்கறையாகத்தான் இருக்கிறது. அவளும் நன்றி சொல்லிவிட்டு, அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். திரும்பி வரும்போது அவள் இடத்தில் வேறொருத்தி இருப்பாள். இடம் இருந்தாலும் இவள் புது ஆள். ஐந்து வருட அனுபவத்துக்கு மதிப்பில்லை, ஆரம்பச் சம்பளத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அந்த அன்பான வார்த்தைக்குத் தலையாட்டும்போது நீங்கள் இழப்பது என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணுக்குச் சட்டப்படி சேர வேண்டிய 26 வார மகப்பேறு ஊதியம் ஏறத்தாழ 72,000 ரூபாய். அதோடு வேலையும் போகிறது, பணிமூப்பும் போகிறது. செலவு கூடுகிற நேரத்தில் வருமானம் நின்று, கணவர் கையையோ அப்பா கையையோ எதிர்பார்க்க வேண்டியதாகிறது. ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: பிரசவத்துக்காக வேலையை விடாதீர்கள். விடுப்பு எடுங்கள். அதை வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்று தெரிந்துகொள்வோம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பைத் தந்தது. 2017-இல் செய்த திருத்தம் அதை 26 வாரமாக உயர்த்தியது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பெயர்தான் மாறியிருக்கிறது, மகப்பேறு உரிமைகள் அதன் ஆறாவது அத்தியாயத்தில் தொடர்கின்றன. "பழைய சட்டம் போயிடுச்சு, இனிமே லீவெல்லாம் கெடையாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, நிறுவனம் எதுவும் இதற்குள் வரும். தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் எல்லாம் வரும். பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் நீங்கள் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். நிரந்தரப் பணியா, தற்காலிகப் பணியா என்று சட்டம் கேட்பதில்லை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம். அதில் ஆறு வாரம் முன்பே எடுக்கலாம். இந்த நாட்கள் அத்தனைக்கும் முழுச் சம்பளம் உண்டு.

பணம் எப்போது கைக்கு வர வேண்டும் என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது. கர்ப்பத்துக்கான சான்றைக் கொடுத்ததும் பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான தொகையை முன்கூட்டியே தர வேண்டும். குழந்தை பிறந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதியைத் தர வேண்டும். "திரும்பி வேலைக்கு வா, அப்புறம் தரேன்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. பிரசவச் செலவை நிறுவனம் ஏற்காவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ ஊக்கத்தொகையும் உண்டு. முன்னதாக எழுதிக் கொடுக்கத் தவறிவிட்டீர்கள் என்பதற்காக உரிமை போய்விடாது. குழந்தை பிறந்த பிறகும் எழுதிக் கொடுக்கலாம்.

பலருக்கும் தெரியாத சில உரிமைகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கரு கலைந்துபோனால் அன்றிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வெளியே சொல்லவும் கூச்சப்பட்டு, இரண்டு நாள் "காய்ச்சல்" என்று லீவு போட்டுவிட்டு மறுபடி போய் நிற்கும் பெண்கள் எத்தனையோ பேர். அந்த உடம்புக்கும் ஓய்வு வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டால் இரண்டு வாரம். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால் கூடுதலாக ஒரு மாதம். விடுப்பு முடிந்து வந்தபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம்; அங்கே போய்க் குழந்தையைப் பார்க்க நாளுக்கு நான்கு முறை அனுமதி.

ஜவுளிக்கடைச் சகோதரிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் ஒரு மாதம், நீங்கள் கேட்டால், வெகுநேரம் நிற்க வைக்கும் வேலையையோ கடினமான வேலையையோ உங்களுக்குத் தரக் கூடாது. அந்த ஆறு வாரத்தில் நீங்கள் விடுப்பில் போகாமல் வேலைக்கு வந்தால் அப்போதும் இதே பாதுகாப்பு உண்டு. கர்ப்பிணியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடை ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இலேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்துவிட்டது. தீபாவளிக் கூட்டத்திலும் ஆருத்ரா தரிசனக் கூட்டத்திலும் கால் வீங்க நிற்க வேண்டும் என்பது விதி அல்ல. நிற்க வைப்பதுதான் விதிமீறல்.

இந்த உரிமைகளெல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல. இவை இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். கடலூர் முதுநகரில் பிறந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாளை நீங்கள் அறிவீர்கள். 1927-இல் பிரிட்டிஷ் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் தன் சிறு மகளோடு சிறை போனவர். 1930-களின் தொடக்கத்தில் மறுபடி கைதாகி வேலூர் சிறைக்குப் போனபோது அவர் கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்து இரண்டு வாரத்துக்குள், பச்சை உடம்போடு, மறுபடி சிறைக்குள் போனார். அந்தத் தியாகத்தைக் கொண்டாடும் ஊர் நம் ஊர். ஆனால் சுதந்திரம் வந்து இத்தனை ஆண்டுக்குப் பின்னும், பச்சை உடம்புக்காரி ஒருத்தி வேலை போய்விடும் என்ற பயத்தில் நாற்பதாம் நாளே கவுன்ட்டரில் வந்து நிற்கிறாள் என்றால், அதைத் தியாகம் என்று சொல்ல மாட்டேன். அது அநீதி.

சட்டமன்றத்தில் தாய்மார்களின் ஓய்வுக்காக வாதாடியவர்களும் உண்டு. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, ஆகவே அந்தச் செலவின் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும், அவள் உழைப்பால் பயனடையும் முதலாளியும் பங்கு தர வேண்டும் என்பது அவர் வாதம். 1929-இல் பம்பாயில் சட்டமானது. நம் சென்னை மாகாணத்துக்கு 1934-ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. 1961-இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது. அந்த ஆண்டில்தான் அஞ்சலை அம்மாள் மறைந்தார். கிட்டத்தட்ட நூறு வருடமாகப் பலர் கேட்டு வாங்கிய உரிமையை, "நின்னுக்கம்மா" என்ற ஒரு வார்த்தைக்காக நாம் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

நீங்கள் கேட்கத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். அந்தத் தயக்கங்கள் பலவற்றுக்கும் நீதிமன்றங்கள் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கின்றன.

"நான் ஒருத்தி கேட்டு என்ன ஆகப்போவுது" என்பது முதல் தயக்கம். 1967 டிசம்பரில், நம் மாநிலத்து மலைத்தோட்டமான மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் ஒரு பெண் தொழிலாளிக்குக் குழந்தை பிறந்தது. 12 வாரம் என்றால் 84 நாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு 72 நாளுக்குத்தான் நிர்வாகம் பணம் தந்தது. மீதிப் பன்னிரண்டு நாளுக்கான கூலியைக் கேட்டு அவர் கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், 1977-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. வாரம் என்றால் ஏழு நாள், சம்பளமில்லாத ஞாயிறும் அதில் சேரும் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒரு தோட்டத் தொழிலாளி தன் பன்னிரண்டு நாள் கூலிக்காகக் கேட்ட கேள்வியால், அதன்பின் நாடு முழுவதும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்துப் பணம் கிடைத்தது.

"நான் டெம்பரரிதானே, தினக்கூலிதானே" என்பது இரண்டாவது. டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில், அதாவது தினக்கூலிக்கு, வேலை பார்த்த பெண்கள் கேட்டதும் இதே கேள்விதான். சாலை போடவும் குழி தோண்டவும் செய்த அந்தப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று 2000 மார்ச் 8-ஆம் தேதி, மகளிர் தினத்தன்று, உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"காண்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுது" என்பது மூன்றாவது. 2023 ஆகஸ்டில் டாக்டர் கவிதா யாதவ் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்துபோனாலும் மகப்பேறு நலன் முடிந்துபோகாது, முழுக் காலத்துக்கும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"சேரும்போதே லீவு கெடையாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க" என்பது நான்காவது. 2025-இல் நம் மாநிலத்தின் ஒப்பந்தச் செவிலியர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்குப் பதில் தந்தது. சட்டம் தந்த உரிமையை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிப் பறிக்க முடியாது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது.

"எனக்கு ஏற்கெனவே பிள்ளைங்க இருக்கு" என்பது ஐந்தாவது. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். இருவரும் தந்தையின் பொறுப்பில் வளர்கிறார்கள். அரசு வேலைக்கு வந்தபின் மறுமணம் செய்துகொண்டு, 2021-இல் மகப்பேறு விடுப்புக் கேட்டார். இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருப்பதால் விடுப்பு இல்லை என்று கல்வித்துறை மறுத்தது. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, அரசின் மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. அவர் விடவில்லை. 2025 மே 23-ஆம் தேதி, உமாதேவி எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அவர் பக்கம் நின்றது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி, அது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவர் கடைசிவரை போராடியதால் நாட்டுக்கே கிடைத்த தீர்ப்பு இது.

தனியார் பள்ளி ஆசிரியைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சிதம்பரத்தில் ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு ஆசிரியைகளை எண்ணிப் பாருங்கள். இருவரும் ஒரே பி.எட். படித்தவர்கள், ஒரே பாடத்தை நடத்துகிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதமாகவும் விடுப்பு உயர்ந்தது. மகப்பேறு விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்தோடு சேர்த்துக் கணக்கிடவும் 2025-இல் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது, வரவேற்கிறோம். தனியார் பள்ளியில் இருப்பவரோ, "ஏப்ரல்ல ரிலீவ் ஆயிடுங்க மிஸ்" என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்குப் போகிறார். அவருக்கு ஒரு வழி இருக்கிறது. தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2010-இல் ஆணையிட்டது. பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்காடின. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த அரசாணையை உறுதி செய்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஆசிரியை, அலுவலக உதவியாளர், ஆயா எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. பிடித்தம் நடக்க வேண்டும். இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் 26 வார முழுச் சம்பளத்தையும் இ.எஸ்.ஐ. கழகமே வங்கிக் கணக்கில் போட்டுவிடும்.

இதைப் படிக்கும் கடை முதலாளிகளுக்கும் பள்ளித் தாளாளர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆறு மாதச் சம்பளத்தைச் சும்மா கொடுத்தால் தொழில் தாங்குமா என்று கேட்கிறீர்கள். சிறு தொழில்காரருக்கு அது நியாயமான கவலைதான். அதற்காகத்தான் இ.எஸ்.ஐ. இருக்கிறது. உங்கள் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு நீங்கள் மாதம் கட்டுவது 390 ரூபாய், அந்தப் பெண் கட்டுவது 90 ரூபாய். அதைக் கட்டிவிட்டால் மகப்பேறு ஊதியத்தில் ஒரு ரூபாயும் உங்கள் கல்லாவிலிருந்து போகாது. ஆட்களைக் குறைத்துக் காட்டி, பத்துப் பேர் இருக்கும் இடத்தில் எட்டுப் பேர் என்று பதிவேடு எழுதி 390 ரூபாய் மிச்சம் பிடிக்கும்போதுதான், பிரசவம் உங்களுக்குப் பெரிய செலவாகத் தெரிகிறது. வாடிக்கையாளரின் ரசனையும் கடையின் இருப்பும் அறிந்த ஒரு பெண்ணை அனுப்பிவிட்டு, புதிதாக ஒருத்தியைச் சேர்த்துப் பழக்குவதிலும் செலவு இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருக்கும் பெண்களின் முழுச் சுமையையும் முதலாளி தலையில் வைத்தால், கல்யாணமான இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கவே அவர் யோசிப்பார். "கொழந்தை பெத்துக்கிற ஐடியா இருக்கா" என்று நேர்காணலில் கேட்கும் கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. தனி முதலாளி மட்டும் இந்தச் செலவைச் சுமக்கக் கூடாது, சமூகக் காப்பீடோ பொது நிதியோ ஏற்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்பாடு சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. அம்பேத்கர் 1928-இல் சொன்னதும் இதேதான்.

இந்தச் சட்டம் எட்டாத சகோதரிகள்தான் நம் மாவட்டத்தில் பெரும்பான்மை. காட்டுமன்னார்கோவில், புவனகிரி வயல்களில் நாற்று நடுபவர்கள், கடலூர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்பவர்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிலோ கணக்கில் முந்திரி உரிப்பவர்கள், வீட்டுவேலை செய்பவர்கள். இவர்களுக்கு முதலாளி என்று கைகாட்ட ஒருவர் இல்லை, அல்லது நாளுக்கு ஒருவர் மாறுகிறார். இவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் 18,000 ஆகவும் அது உயர்ந்தது. இதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வருகிறது; ரொக்கம் 14,000. இந்தியாவின் பல மாநிலங்களை ஒப்பிட்டால் இது பெரிய தொகைதான். ஆனால் 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 77 ரூபாய்கூட வரவில்லை. நடவுக் கூலியை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் ஆறு மாதம் வீட்டில் இருக்க யாராலும் முடியாது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் தர வேண்டும் என்றது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, சட்டத்தில் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதுகிறோம். அந்த ஆறு மாதமும் தாய் வீட்டில் இருக்க வழி செய்யாமல் அப்படி எழுதுவது நியாயமில்லை. குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாக வைத்து இந்த உதவித்தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்று நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை, இருப்பதையாவது விடாமல் வாங்குங்கள். கர்ப்பம் தெரிந்ததுமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி என்ற பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்; தவணைகள் அந்த எண்ணை வைத்துத்தான் வருகின்றன. வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்து புதுப்பித்து வைத்திருந்தால் அங்கும் மகப்பேறு உதவி உண்டு.

இனி, விடுப்பு கேட்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் பெயர், பணி, சேர்ந்த தேதி, பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதி, எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணத்தை யார் கணக்கில் செலுத்த வேண்டும், விடுப்புக் காலத்தில் வேறு எங்கும் வேலை செய்ய மாட்டேன் என்ற உறுதி, இவ்வளவு போதும். டாக்டர் சான்றின் நகலை இணையுங்கள். ஒரு படியில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் அங்கே வேலை செய்ததற்கான சான்றுகளை இப்போதே சேர்த்து வையுங்கள்: அடையாள அட்டை, சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் விவரம், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் உதவும். ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளிலும் போடாதீர்கள். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று நீட்டும் அந்தத் தாள்தான் பின்னால் உங்களுக்கு எதிராகப் பேசும்.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும், நீக்க நோட்டீஸ் தருவதும், வேலை நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். அப்படி நடந்தால் கடலூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் சட்ட உதவியும், 181 என்ற எண்ணில் மகளிர் உதவியும் கிடைக்கும்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "புள்ளையப் பெத்துக்கிட்டு எதுக்கு வேலை, விட்டுடு" என்று பாசத்தில் சொல்லும் அம்மாக்களே, மாமியார்களே, கணவர்களே, கொஞ்சம் பொறுங்கள். விடுப்பு முடியும்போது வேலைக்குத் திரும்புவதா வேண்டாமா என்று அவளே முடிவெடுக்கட்டும். ஏழாம் மாதத்திலேயே அவளை விடச் சொன்னால், அந்த முடிவை அவளிடமிருந்து நீங்கள் பறித்துக்கொள்கிறீர்கள். அவளோடு போய் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சகோதரிகளே, ஒருத்தியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்து போங்கள். இன்று அவளுக்கு, நாளை உங்களுக்கு. உடன் வேலை செய்பவள் விடுப்பில் போகும்போது அவள் வேலையைக் கொஞ்சம் பகிர்ந்து பாருங்கள்; அவள் இடத்துக்கு ஆள் சொல்லாதீர்கள். ஏற்கெனவே விடுப்பு வாங்கியவர்கள், எப்படி வாங்கினோம் என்று அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கர்ப்பமாக இருக்கும் ஒரு பெண்ணாவது உங்கள் கடையிலோ பள்ளியிலோ வார்டிலோ இப்போது இருப்பாள். இந்த மடலை அவளிடம் கொடுங்கள். அந்த விண்ணப்பத்தை இந்த வாரமே எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் உரிமையில் அக்கறை கொண்ட,
உங்களில் ஒருத்தி,
சிதம்பரம்.